தராசு காட்டுவது ஒன்று, பில்லில் வருவது ஒன்று: பார்சல் அளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஒரு கூரியர் புக்கிங் கவுண்டரில் வேலை செய்கிறேன். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், இலவம்பஞ்சுத் தலையணை, மஞ்சள்தூள், வீட்டில் சுட்ட முறுக்கு என்று ஆன்லைனில் விற்கும் பலர் தினமும் வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள். பொருளுக்கு விலை வைக்கும்போது பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கிறவர்கள், அனுப்பும் செலவில் லாபத்தை விட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் பெட்டிதான். கவுண்டரில் கூட்டமாக இருக்கும்போது நின்று விளக்க முடிவதில்லை. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன்.

“அண்ணா, தலையணை ஒரு கிலோதான் இருக்கு. ஏழரை கிலோன்னு பில் போட்டிருக்கீங்களே, தராசு சரியா இருக்கா?”

தராசு சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு எடை பார்ப்போம். ஒன்று தராசு காட்டும் எடை. இன்னொன்று, பார்சல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை வைத்துப் போடும் வால்யூம் எடை. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில்.

வால்யூம் எடை போடுவது சுலபம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்குங்கள். வந்ததை 5000-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். உங்கள் பெட்டி 60 × 40 × 15. பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. பில் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறுவதால் 7.2 என்பது 7.5 ஆகிறது. எரிபொருள் கூடுதல் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் இதன் மேல்தான் ஏறும். அதனால் எடையில் ஏறிய ஒவ்வொரு அரைக் கிலோவும் மொத்தத் தொகையை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடும்.

“பாரத்துக்குக் காசு வாங்குறது நியாயம். வெறும் இடத்துக்கு எதுக்குங்க?”

வண்டி முழுக்கத் தலையணைப் பெட்டி ஏற்றினால், இழுக்கக்கூடிய பாரத்தில் கால்பங்கு வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட வைக்க முடியாது. டிரைவர் சம்பளம், டோல், வண்டித் தவணை எதுவும் குறையாது, டீசல் மட்டும் கொஞ்சம் மிச்சமாகும். விமானத்தின் சரக்கு அறையிலும் இதே நிலைமைதான். எடைக்கு மட்டும் காசு வாங்கினால், மஞ்சள்தூள் அனுப்புகிறவர் தலையணை அனுப்புகிறவரின் செலவையும் சேர்த்துக் கட்டுகிறார் என்று ஆகிவிடும்.

இந்தக் கணக்கு முதலில் விமானச் சரக்கில்தான் இருந்தது. பிறகுதான் சாலை வழிக்கு இறங்கியது. அமெரிக்காவில் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் தரைவழிப் பார்சலில் 3 கன அடிக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு மட்டும் இப்படிக் கணக்குப் போட்டு வந்தன. 2014 டிசம்பர் கடைசியிலும் 2015 ஜனவரியிலுமாக இரண்டு கம்பெனிகளும் எல்லாப் பெட்டிகளுக்கும் அதை விரித்தன. ஆன்லைன் வியாபாரம் பெருகி, சின்னப் பொருளும் பெரிய அட்டைப்பெட்டியில் வந்து குவிந்த காலம் அது.

“அந்த 5000 எங்கிருந்து வந்துச்சு? வேற கம்பெனியில 4000-ன்னு சொல்றாங்க?”

5000 கன சென்டிமீட்டர் என்றால் 5 லிட்டர். அதாவது 5 லிட்டர் இடத்துக்குக் குறைந்தது ஒரு கிலோ என்று கூரியர் வைத்துக்கொள்கிறது. ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ. விமானச் சரக்கில் பொதுவாக 6000-ஆல் வகுப்பார்கள், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 167 கிலோ வரும். ஃபெடெக்ஸ் அமெரிக்காவில் 2017-இல் வகுக்கும் எண்ணை 166-இலிருந்து 139-ஆகக் குறைத்தது. அங்கே கணக்கு அங்குலத்திலும் பவுண்டிலும் என்பதால் எண் வேறு மாதிரி தெரிகிறது. நம் அளவுக்கு மாற்றிப் பார்த்தால் 6000-இலிருந்து 5000-க்கு இறங்கியதுதான்.

கம்பெனிக்குக் கம்பெனி, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது மாறும். 4500, 4000 என்று வகுக்கிறவர்களும் உண்டு. வகுக்கும் எண் குறைந்தால் பில் எடை கூடும். மேலே சொன்ன தலையணையே 4000-ஆல் வகுத்தால் 9 கிலோ ஆகிவிடும். அதனால் கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எதால் வகுக்கிறீர்கள் என்பதையும் கேளுங்கள்.

“அளவு பெட்டிக்கு உள்ள எடுக்கணுமா, வெளியவா?”

வெளியே. எது அதிகமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அங்கே. இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. பெட்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் உள் அளவைத்தான் சொல்லி விற்கும். 30 × 20 × 15 என்று வாங்கின அஞ்சு பிளை (ஐந்து அடுக்கு அட்டை) பெட்டியின் அட்டை சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு பக்கமும் சேர்ந்து 1.2 செ.மீ. கூடும். உயரத்தில் மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று படிவதால் 2.4 செ.மீ. கூடும். பின்னத்தை மேலே ஏற்றி எடுத்தால் 32 × 22 × 18.

உள் அளவில் போட்டால் 1.8 கிலோ, பில்லில் 2. வெளி அளவில் 2.53, பில்லில் 3. அட்டையின் தடிமனுக்கே ஒரு கிலோ போகிறது. உடையாத பொருளுக்கு மூணு பிளை போதும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அமெரிக்காவில் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் 2025 ஆகஸ்டிலிருந்து அங்குலத்துக்கு மேல் துளி இருந்தாலும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடுகிறார்கள். கழித்துக்கொள்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

“என் பொருளுக்கு எந்த எடை ஓடும்னு புக் பண்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?”

முடியும். சமையல் எண்ணெய் வாங்கும் 5 லிட்டர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேன் அளவு இடத்தில் உங்கள் பொருள் ஒரு கிலோவுக்கு மேல் அடங்கினால் தராசு எடைதான் ஓடும். அடங்காவிட்டால் வால்யூம் எடை.

மஞ்சள்தூள், அரிசி, பருப்பு, புத்தகம், பித்தளைச் சாமான் எல்லாம் தராசு எடையில் ஓடும். அவற்றுக்குப் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக எடுத்தாலும் பில் மாறாது. பொரி, தலையணை, துணிப் பொம்மை, கூடை, பிளாஸ்டிக் பூ எல்லாம் வால்யூம் எடை. நடுவில் நிற்பவைதான் கவனிக்க வேண்டியவை. மடித்த போர்வை ஒன்று 700 கிராம், 30 × 25 × 4 என்றால் வால்யூம் 600 கிராம்தான். தளர்வாக மடித்து உயரம் 6 ஆனால் 900 கிராம் ஆகிவிடும். ஒரே போர்வை, மடித்த கை மட்டும் வேறு.

“பெட்டி கொஞ்சம் பெருசா இருந்தா பொருளுக்குப் பாதுகாப்புதானே?”

இல்லை. காலி இடம் இருந்தால் பொருள் உள்ளே உருண்டு மோதும். பெட்டியின் மேல் இன்னொரு பெட்டி ஏறும்போது தாங்க ஒன்றும் இல்லாமல் மேல்பக்கம் குழியும். பாதுகாப்பு என்பது பொருளுக்கும் அட்டைக்கும் நடுவே இறுக்கமாக அடைத்த காகிதமோ பபிள் ராப்போதான்.

உடையும் பொருளுக்கு நான்கு பக்கமும் மேலும் கீழும் 5 செ.மீ. விடுங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். உடைந்து திரும்பி வந்த ஒரு கொலு பொம்மை பத்துப் பார்சலில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். உடையாத பொருளுக்கு ஒரு விரற்கடை போதும். மூன்று பக்கமும் பெருக்குகிற கணக்கு என்பதால் சின்னக் குறைப்பும் பெரிதாகத் தெரியும். 40 × 30 × 30 பெட்டி 7.2 கிலோ. மூன்று பக்கமும் பத்தில் ஒரு பங்கு குறைத்து 36 × 27 × 27 ஆக்கினால் 5.25 கிலோவுக்கு வந்துவிடும்.

“துணிக்குப் பெட்டி அவசியமா? கூரியர் பையே போதாதா?”

போதும். சேலை, போர்வை, துண்டு, சட்டைக்குப் பெட்டி தேவையே இல்லை. பட்டுச் சேலைக்கு மட்டும் மடிப்புக் கலையாமலிருக்க மெல்லிய அட்டை ஒன்று உள்ளே வைத்துப் பையில் போடுங்கள். பை பொருளோடு ஒட்டிக்கொள்வதால் அளவும் பொருளின் அளவாகவே இருக்கும். மழைக்காலத்தில் அட்டைப்பெட்டியைவிடப் பை நல்லதும்கூட. ஆனால் பெரிய பை வாங்கி வைத்துக்கொண்டு சின்னத் துணியைப் போட்டு, மிச்சத்தை அப்படியே தொங்க விடாதீர்கள். மடித்து டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இயந்திரம் அதையும் சேர்த்து அளக்கும்.

“தலையணையை வேக்குவம் பையில போட்டு உறிஞ்சிட்டா பில் குறையுமா?”

நன்றாகவே குறையும். 15 செ.மீ. உயரம் 6 ஆனால் முதல் கேள்வியில் சொன்ன 7.2 கிலோ 2.88-க்கு இறங்கும். இலவம்பஞ்சு அழுந்தினாலும் பயம் இல்லை, வெயிலில் காயவைத்துத் தட்டினால் உப்பி வரும். வாங்குகிறவருக்கு அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் தட்டையாக வந்ததைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பிரச்சினை வேறு இடத்தில் வரும். பையில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் வழியிலேயே காற்று ஏறிவிடும். இங்கே 6 செ.மீ. என்று புக் செய்தது, பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் மையமான ஹப்பில் 13 என்று அளக்கப்படும். அதனால் உறிஞ்சிய பிறகு குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்டிக் பட்டை கட்டி, அதை அளவுக்குப் பொருத்தமான ஒரு மூணு பிளை பெட்டிக்குள் இறுக்கமாக வையுங்கள். காற்று ஏறினாலும் அட்டை பிடித்துக்கொள்ளும்.

“உருட்டி அனுப்புற பாய், ஜமக்காளம் இதுக்கெல்லாம் எப்படி அளப்பீங்க?”

உருண்டையாக இருந்தாலும் சதுரப் பெட்டியாகவே எடுப்போம். குறுக்களவு × குறுக்களவு × நீளம். 15 செ.மீ. குறுக்களவும் 120 செ.மீ. நீளமும் உள்ள ஜமக்காள உருளை 27,000 கன செ.மீ., அதாவது 5.4 கிலோ. உருளை உண்மையில் அடைப்பது அதில் 78 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான். மூலைகளில் இருக்கும் காற்றுக்கும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். அதே ஜமக்காளத்தை 45 × 40 × 12 என்று மடித்தால் 4.32 கிலோ. ஜமக்காளம் மடிக்கத் தோதான துணி, மடித்தே அனுப்புங்கள்.

கோரைப்பாயை மடித்தால் கோரை ஒடியும், உருட்டத்தான் வேண்டும். ஒரே விலாசத்துக்கு இரண்டு மூன்று போவதாக இருந்தால் தனித்தனியாக உருட்டிக் கட்டாமல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றுங்கள். நீளமான பொருளில் இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு பக்கம் கம்பெனி வைத்திருக்கும் நீள வரம்பைத் தாண்டினால் எடைக் கணக்குக்கு அப்பாற்பட்ட தனிக் கட்டணம் விழும்.

“ஒரே கஸ்டமருக்கு ரெண்டு பொருள். ஒரே பெட்டியா, தனித்தனியா?”

பொதுவாக ஒரே பெட்டி. முதல் அரைக் கிலோவுக்கான கட்டணம் கூடுதல், அடுத்தடுத்த அரைக் கிலோவுக்குக் குறைவு. இரண்டாகப் பிரித்தால் அந்த முதல் கட்டணத்தை இரண்டு தடவை கட்டுகிறீர்கள். 60 × 40 × 40 பெட்டி 19.2 கிலோ, பில்லில் 19.5. அதையே நடுவில் வெட்டினாற்போல் இரண்டு பெட்டியாக்கினால் தலா 9.6, பில்லில் பத்தும் பத்தும் இருபது.

லேசான பொருளையும் கனமான பொருளையும் சேர்ப்பதில்தான் உண்மையான லாபம். தலையணை தனியாகப் போனால் 7.5 கிலோ. 5 கிலோ மஞ்சள்தூள் தனியாகப் போனால் 5 கிலோ. ஆக 12.5. மஞ்சள்தூள் அடைக்கும் இடம் 10 லிட்டர்தான் என்பதால், இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் மொத்தம் 46,000 கன செ.மீ., 9.2 கிலோ. பில்லில் 9.5. மூன்று கிலோ மிச்சம். தூளை மட்டும் இரட்டைப் பையில் சீல் போடுங்கள், கசிந்தால் தலையணை மஞ்சளாகிவிடும்.

ஒரு பொருள் நீளம், மற்றது கட்டை என்றால் சேர்க்காதீர்கள். 120 செ.மீ. பாயோடு ஒரு சின்ன டப்பாவை ஓரத்தில் கட்டினால், டப்பாவின் உயரம் 120 செ.மீ. நீளத்துக்கும் சேர்த்துக் கணக்காகும்.

“நான் மூணு கிலோன்னு போட்டேன். பத்து நாள் கழிச்சு மூன்றரைன்னு காசு பிடிச்சிருக்காங்க. யாரு அளந்தது?”

ஹப்பில் இருக்கும் இயந்திரம். பார்சல் பெல்ட்டில் ஓடும்போதே மேலிருந்து லேசரோ கேமராவோ மூன்று பக்கத்தையும் அளந்துவிடும், அடியில் தராசு எடை எடுக்கும். உங்கள் முறுக்குப் பெட்டி 30 × 25 × 20. சரியாக 3 கிலோ வருவதற்காகவே பார்த்து வாங்கினீர்கள், அது நல்ல யோசனைதான். ஆனால் பாக்கெட்டுகளை அமுக்கி அடைத்ததில் மேல்மூடி புடைத்துக்கொண்டு நின்றது. 20 என்பது 22 ஆனது. 16,500 கன செ.மீ., 3.3 கிலோ, பில்லில் 3.5. தராசில் 1.8 கிலோகூட வராத பெட்டி அது.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது, டேப் ஒட்டியபின் பெட்டியின் மேல் ஒரு ஸ்கேலைப் படுக்கவைத்துப் பார்ப்பது. ஸ்கேல் இரண்டு ஓரத்திலும் உட்காராமல் நடுவில் ஆடினால் ஒரு பாக்கெட்டை எடுத்துவிடுங்கள். அனுப்புவதற்கு முன் லேபிள் தெரிய மூன்று போட்டோ எடுங்கள்: நீளத்தில் டேப் வைத்து, உயரத்தில் டேப் வைத்து, தராசின் மேல். அளவு நிஜமாகவே தவறாக எடுக்கப்பட்டிருந்தால், கம்பெனி கொடுக்கும் கெடுவுக்குள் இந்தப் போட்டோவோடு எழுதினால் காசு திரும்பக் கிடைக்க வழி உண்டு. போட்டோ இல்லாமல் போனால் இயந்திரம் சொன்னதுதான் நிற்கும்.

“அளவைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா கண்டுபிடிப்பாங்களா?”

மேலே சொன்ன இயந்திரம் கண்டுபிடிக்கும். திரும்பத் திரும்ப நடந்தால் உங்கள் கணக்கையே தனியாகக் கவனிப்பார்கள். பிறகு நியாயமான புகாரையும் நம்ப மாட்டார்கள். வேண்டாம்.

“டெலிவரி எடுக்காம திரும்பி வந்தா?”

போகும்போது போட்ட அதே பில் எடைக்குத் திரும்பும் கட்டணமும் வரும். பணம் பெற்றுக்கொண்டு கொடுக்கும் ஆர்டர்களில் இது அதிகம். பெரிய, லேசான பொருள் விற்கிறவர்கள் அனுப்பும் முன் ஒரு போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. தலையணை வியாபாரத்தில் இரண்டு பக்கமும் ஏழரை ஏழரை கிலோ கட்டி யாரும் மீள முடியாது.

“பேசாம லாரி சர்வீஸ்ல போட்டுட்டா இந்த வால்யூம் தொல்லையே இல்லல்ல?”

அங்கேயும் இருக்கிறது, கன அடிக் கணக்கில். ஒரு அடியை 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, மூன்று பக்கத்தையும் பெருக்கி 27,000-ஆல் வகுத்துக் கன அடி போடுவார்கள். கன அடிக்கு 6, 8, 10 கிலோ என்று ஒப்பந்தப்படி பெருக்குவார்கள். பத்துத் தலையணை அமுக்கிக் கட்டிய ஒரு பேல் 80 × 60 × 60 என்றால் 10.67 கன அடி. ஆறால் பெருக்கினால் 64 கிலோ, பத்தால் பெருக்கினால் சுமார் 107 கிலோ. கூரியர் கணக்கில் இது 57.6-தான்.

எடை கூடினாலும் பயப்பட வேண்டாம். லாரியில் கிலோவுக்கான கட்டணம் கூரியரைவிட வெகுவாகக் குறைவு என்பதால் மொத்தமாக அனுப்பும்போது லாரிதான் மலிவு. ஆனால் குறைந்தபட்ச எடை, ரசீதுக் கட்டணம், இறங்கும் ஊரில் குடோனிலிருந்து எடுத்துப்போகும் செலவு எல்லாம் உண்டு. ஒரு கடைக்கு முப்பது நாற்பது உருப்படி போவதாக இருந்தால் லாரி. வீட்டுக்கு ஒன்று போவதாக இருந்தால் கூரியர்.

“பொண்ணு டொராண்டோல இருக்கா. பத்து கிலோ ரேட்னு சொன்னாங்க, பில்லில் பத்தரை. ஏன்?”

வெளிநாட்டு எக்ஸ்பிரஸ் கூரியரிலும் 5000-தான். உங்கள் பெட்டி 45 × 35 × 32. வகுத்தால் 10.08. அந்த 80 கிராமுக்காக அடுத்த படி ஏறிவிட்டது. உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்து 31 ஆக்கியிருந்தால் 9.77, பத்திலேயே நின்றிருக்கும். வெளிநாட்டுக்கு அரைக் கிலோவே பெரிய காசு என்பதால் பெட்டியை மூடும் முன் இங்கே வந்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். முறுக்கு, தட்டைக்கு நடுவே இருக்கும் சந்துகளில் பொடி வகைகளையும் துணியையும் அடைத்தால் வால்யூம் ஏறாமலே கூடுதல் பொருள் போகும், தராசு எடை பத்தைத் தாண்டாத வரையில்.

கப்பலில் கணக்கு வேறு. ஒரு கன மீட்டரும் 1000 கிலோவும் சமம். நம் பொருள் பெரும்பாலும் அவ்வளவு அடர்த்தி கிடையாது, அதனால் கப்பலுக்குப் பெரும்பாலும் இடம்தான் கணக்கு. வீட்டுச் சாமான் மொத்தமாகப் போவதற்குச் சரி, பலகாரத்துக்குச் சரிப்படாது. போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும்.

“எத்தனை சைஸ் பெட்டி வாங்கி வெச்சுக்கட்டும்?”

கடைசியாக அனுப்பிய ஐம்பது அறுபது ஆர்டரை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன போனது என்று எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்க்கைதான் மறுபடி மறுபடி வரும். அவற்றைப் பேக் செய்து மேஜையில் வைத்து அளந்து, வெளி அளவு ஒரு அரைக் கிலோ படிக்குள் அடங்குமாறு மூன்று சைஸ் முடிவு செய்யுங்கள். பெட்டிக் கம்பெனியிடம் பேசும்போது வெளி அளவையே சொல்லி, அட்டைத் தடிமனைக் கழித்துச் செய்யச் சொல்லுங்கள். பொருளுக்கு விலை வைப்பது அதற்குப் பிறகுதான். பெட்டி தெரியாமல் இலவச டெலிவரி என்று போட்டுவிடாதீர்கள்.

மூன்று சைஸிலும் அடங்காத ஆர்டர் வந்தால் புதுப்பெட்டி தேட வேண்டாம். பெரிய பெட்டியில் பொருளை வைத்து, அது நிற்கும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே உள்பக்கம் பேனாவால் நான்கு பக்கமும் கோடு போடுங்கள். நான்கு மூலையையும் மேலிருந்து அந்தக் கோடு வரை கத்தியால் கீறுங்கள். ஸ்கேலை வைத்துக் கத்தியின் முதுகால் கோட்டை அழுத்தி இழுத்து, பக்கங்களை உள்ளே மடித்து டேப் ஒட்டினால் பெட்டி பொருளின் உயரத்துக்கு வந்துவிடும். மடிப்பு நீளமாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மிச்சத்தை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மேல்பக்கம் புடைக்கும். எங்கள் கவுண்டரில் கத்தியும் ஸ்கேலும் வைத்திருக்கிறோம், கேட்டால் நாங்களே செய்து தருவோம்.